யூட்டாவில் கோமாளி, ஸ்க்ராண்டனில் டாக்டர்

பிளாக் வாஷ், யூட்டா
3 மே 1954

மேன்மைமிகு திரு. டெஸ்மண்ட் கில்ராய் அவர்களுக்கு,

நான் நலமாக இல்லை. தாங்கள் நலமா என்று அறிய எனக்கு ஆவலும் இல்லை. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். ஹாலிவுட்டில் தாங்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன அன்று, தங்கள் கறுப்பு மேலங்கி என் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. இந்த ஊர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தங்கள் அக்கா நோராவின் வீட்டு விலாசத்துக்குப் பார்சல் போட்டிருக்கிறேன்.

காரியம் முடிந்தது. காகிதத்தில் இடம் மிச்சம் இருப்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

படம் ஆரம்பித்தாகிவிட்டது. கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். நியூயார்க் செருப்புக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு மடையர்கள், யுரேனியம் கிடைத்தால் ஒரே நாளில் பணக்காரர் ஆகிவிடலாம் என்று நம்பி, ஒரு ஏமாற்றுக்காரனிடம் வரைபடம் வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்கு வருகிறார்கள். விழுகிற மடையன் நான். எல்லாம் தெரிந்தவன்போல நிற்கிற மடையன் தாங்களாக இருந்திருக்க வேண்டும். இப்போது லான்ஸ் பெவரிட்ஜ் என்று ஒரு பாட்டுக்காரனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். பல் அழகாக இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும். நேற்று நான் சேற்றில் தலைகுப்புற விழுந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக நான் விழுந்ததே இல்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? "அடி பட்டுருச்சா சார்?" என்று கேட்டுக் கை கொடுத்துத் தூக்கினான். சிரித்த முகம் மாறாமல்!

கூட்டத்தில் நிற்பதற்கு இந்த ஊர்க்காரர்களையே வைத்திருக்கிறார் டைரக்டர் கெஸ்லர். நிஜமாகவே யுரேனியம் தேடி மலை மலையாக அலைகிறவர்கள். நாள் முழுக்கப் பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. இங்கே சாப்பாட்டுக்கடை நடத்தும் ஆர்டித் நீல்சன் என்ற பெண்மணி மட்டும் எழுந்து வந்து, சேற்றைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். "அடிக்கடி தலை சுத்துமா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரருக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அவள் விதவை.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் கூட்டாளி,
ஜூல்ஸ் ப்ளாட்னிக்


ஸ்க்ராண்டன், பென்சில்வேனியா
11 மே 1954

திரு. ப்ளாட்னிக்,

மேலங்கி வந்து சேர்ந்தது. பைக்குள் மணல் இருந்தது. பாதி தின்ற பிஸ்கட் ஒன்றும் இருந்தது. அது என்னுடையது அல்ல.

நான் மிகுந்த மனநிறைவோடு இருக்கிறேன். இவ்வூர் நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். கனமான நாடகம். எழுதியவர் திருமதி வினிஃப்ரெட் பியூ, பள்ளி ஆசிரியை. தன் தகப்பனாரின் மரணத்தை நினைத்து எழுதியிருக்கிறார். நான் டாக்டர். மூன்றாம் அங்கத்தில் நோயாளியின் அறையிலிருந்து வெளியே வருகிறேன், குடும்பத்தாரைப் பார்க்கிறேன், "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்கிறேன், போய்விடுகிறேன். அவ்வளவுதான். யாரும் என் தலையில் வாளியைக் கவிழ்க்கப்போவதில்லை. என் கால்சட்டை அவிழப்போவதில்லை. ஒத்திகையில் திருமதி பியூ கண்ணீர் விட்டார்.

நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். போன படத்தின் போஸ்டரில் உங்கள் முகம் தர்பூசணி அளவு இருந்தது. என் முகத்தின்மேல் படத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். அதை நான் சொன்னபோது, ஸ்டூடியோ ஆட்கள் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது: "நீ ஒரு கம்பம்டா டெஸ். நான் சாஞ்சு நிக்கிறதுக்கு ஒரு கம்பம். கம்பத்தை எவன்டா போட்டோ புடிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்குத்தான் சிரிக்க வைக்கத் தெரியுமே.

டெஸ்மண்ட் கில்ராய்

பி.கு.: சேற்றில் ஒருவன் விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் கை கொடுக்கக் கூடாது. குனிந்து தன் செருப்பில் சேறு பட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இது ஆலோசனை அல்ல. தகவல்.


பிளாக் வாஷ்
19 மே 1954

திரு. கில்ராய் அவர்களுக்கு,

தகவலுக்கு நன்றி. லான்ஸிடம் சொன்னேன். செருப்பைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே பார்த்தான். அந்தச் செருப்பின்மேல் அவனுக்கு என்ன காதலோ தெரியவில்லை.

காதல் என்றதும் இன்னொன்று. படத்தில் ஒரு கோவேறு கழுதை இருக்கிறது, பெயர் டச்சஸ். என்னைக் கண்டால் உதைக்கிறது, லான்ஸைக் கண்டால் தோளில் தலை சாய்க்கிறது. கதைப்படி அது அவனைத்தான் உதைக்க வேண்டும். கெஸ்லர் அதனிடம் பேசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கதையை மாற்றிவிட்டார்.

நேற்று நடந்ததைக் கேட்டால் நீங்கள்கூடச் சிரிப்பீர்கள். யுரேனியம் இருந்தால் டிக் டிக் என்று சத்தம் போடுமே, அந்தக் கெய்கர் கருவி, எங்களிடம் இருப்பது வெறும் தகரப் பெட்டி. ஒரு பாறைக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்து இரண்டு மரச்சில்லுகளைத் தட்டுவான், அதுதான் டிக் டிக். மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். அவன் மட்டும் பாறை நிழலில் உட்கார்ந்து, பொழுது போகாமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். ஓர்வில் டக்கெட் என்று ஒரு கிழட்டுத் தேடல்காரர், முப்பது வருஷமாக இந்த மலையைத் தோண்டுகிறவர், அந்தப் பக்கமாகப் போயிருக்கிறார். சத்தம் காதில் விழுந்தது. நாங்கள் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தைச் சுற்றி நாலு முளை அடித்து, தன் பெயரை எழுதி மாட்டிவிட்டார்! இங்கே முதலில் முளை அடித்தவனுக்கே நிலம் என்பதுதான் சட்டமாம். கேமரா, கழுதை, கெஸ்லரின் நாற்காலி எல்லாம் இப்போது அவர் இடத்தில்.

"யோவ், இது சினிமாய்யா! அது பொய் சத்தம்!" என்று கத்தினார் கெஸ்லர்.

"யுரேனியம் கிடைச்சவன் எவனும் முதல்ல அப்படித்தான் சொல்லுவான்" என்றார் ஓர்வில்.

கடைசியில் படத்தில் ஒரு வேஷம் கொடுத்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார். வேஷம் கிடைத்தும் முளையைப் பிடுங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்கிறார்.

இதைச் சொல்ல இங்கே யாரும் இல்லை, டெஸ். லான்ஸிடம் சொன்னேன். "பாவம் சார் அந்தப் பெரியவர்" என்கிறான். நீயாக இருந்தால் ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்திருப்பாய். ஆர்டித்திடம் சொன்னேன். அவள் ரொட்டிமாவைப் பிசைந்தபடியே, "ஓர்வில் ஏமாளி இல்ல. அங்க நிஜமாவே ஏதாச்சும் இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பழங்கள் வைத்துச் சுட்ட கேக்கில் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாடகம் அரங்கேறிவிட்டதா?

ஜூல்ஸ்


ஸ்க்ராண்டன்
27 மே 1954

திரு. ப்ளாட்னிக்,

நாடகம் அரங்கேறியது. மக்கள் உணர்ச்சிவசப்பட்டார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத நேரம் இல்லை.

கோவேறு கழுதையிடம் கெஞ்சக் கூடாது. அது நிற்கும் பக்கமாகவே நாமும் திரும்பி நின்று, அது பார்ப்பதையே பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதற்குச் சலித்துவிடும்.

டெஸ்மண்ட் கில்ராய்

(உறையின் பின்பக்கம், பென்சிலில்: ஜூல்ஸ், இவன் சொல்றதை நம்பாதே. சிரிச்சாங்க. வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. பாவம் பியூ டீச்சர். இவன் ரெண்டு நாளா சாப்பிடலை. - நோரா)


பிளாக் வாஷ்
5 ஜூன் 1954

டெஸ்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரும் சாகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பத்திரிகைக்குப் போட்டோ எடுக்க லான்ஸை மலைச்சரிவில் நிறுத்தினார்கள். போட்டோக்காரன், "கொஞ்சம் பின்னால போங்க சார், இன்னும் கொஞ்சம்" என்றான். லான்ஸ் சிரித்துக்கொண்டே பின்னால் போனான். மணலுக்கு அடியில் மக்கிப்போன பலகைகள். அதற்கு அடியில் யாரோ எந்தக் காலத்திலோ தோண்டிவிட்டுப் போன சுரங்கக் குழி. பலகை முறிந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை.

குழிக்குள் இரண்டு ஆள் ஆழத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு மண் திட்டு இருந்திருக்கிறது. அதில் விழுந்து கிடந்தான். கால் முறிந்துவிட்டது. திட்டுக்குக் கீழே கல்லைப் போட்டால் சத்தமே வரவில்லை. கயிறு போடலாம் என்று கெஸ்லர் ஓடினார். ஓர்வில் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "விளிம்பு பூரா உதிருது. மேலேருந்து இழுத்தா மண்ணு அவன் தலையில. பக்கவாட்டுல தோண்டிக்கிட்டுப் போய்த்தான் எடுக்கணும்."

ஊரே மண்வெட்டியோடும் மரத்தூண்களோடும் வந்து நின்றது. அந்த ஆட்கள் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும். அப்புறம் ஓர்வில் என்னைக் கூப்பிட்டார். "நீ ஒல்லி, எடை கம்மி. அந்தப் பாறை மேல படுத்துக்க. அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு. பயந்துபோய் எந்திரிச்சான்னா திட்டு இடிஞ்சு போயிரும்."

"என்ன பேசுறது?"

"எனக்கென்ன தெரியும்? நீதான சிரிப்பு நடிகன். சிரிக்கட்டும், பரவால்ல. எந்திரிக்கக் கூடாது."

பாறைமேல் குப்புறப் படுத்தேன். கீழே அவன் முகம் மட்டும் தெரிந்தது. முதல் தடவையாகச் சிரிப்பில்லாத முகம். "சார், நான் செத்துருவேனா?" என்றான். வேறு எதுவும் தோன்றாமல், மேடையில் நாம் போடும் டிக்கெட் கவுண்டர் காட்சியை ஆரம்பித்தேன். இரண்டு பேர் வசனத்தையும் நானே. இடது பக்கம் திரும்பினால் நான், வலது பக்கம் திரும்பினால் நீ.

"திரும்பி வர ஒரு டிக்கெட் குடுங்க."

"எங்கேருந்து திரும்பி வர?"

"எங்கேருந்து வந்தா உங்களுக்கு என்ன, இங்கதான் வரணும்."

"நீங்க இப்ப இங்கதான இருக்கீங்க?"

"பாத்தீங்களா, டிக்கெட் இல்லாமலே வந்துட்டேன். ரயில் ரொம்ப வேகம்!"

அப்புறம் உன் இடம். நீ ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்ப்பாயே, பார்த்துவிட்டு "அடுத்தவர்" என்பாயே, அந்த இடம். நான் வலது பக்கம் திரும்பி, உன்னை மாதிரியே கீழே பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். "அடுத்தவர்" என்றேன்.

முதலில் சிரித்தது லான்ஸ் இல்லை. எனக்குப் பின்னால், மண்வெட்டியும் கையுமாக ஓர்வில். குதிரை கனைப்பதுபோல ஒரு சிரிப்பு. அடுத்து கூடை தூக்குகிறவர்கள். அப்புறம் கீழேயிருந்து, "ஐயோ சார், வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க!" அதன்பின் நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி செய்தேன், முடிதிருத்துகிற கடை செய்தேன், நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தோண்டினார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் ஓர்வில் தோண்டிய வழியாகக் கை நீட்டி லான்ஸின் இடுப்புவாரைப் பிடித்தார். ஆர்டித் என்னைப் பாறையிலிருந்து இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குரல் போய்விட்டது. இன்னும் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கெட்ட கோபம். படுத்துக்கொண்டு கவனித்தேன். நான் இடது பக்கம் திரும்பி என் வசனத்தைச் சொல்லும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு தடவைகூட. வலது பக்கம் திரும்பி உன் வசனத்தைச் சொன்னால், அதுவும் சொல்லாமல் சும்மா பார்த்தால், சிரிக்கிறார்கள்! டேய், இத்தனை வருஷமாக முட்டியை உடைத்துக்கொண்டு விழுந்தவன் நான். சிரிப்பை அள்ளிக்கொண்டு போனவன் நீயா? தெரிந்தே செய்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு விளக்கம் வேண்டும்.

லான்ஸின் கால் தேற மாசக்கணக்கில் ஆகும். அவன் இடத்துக்கு இந்த மாசத்துக்குள் ஆள் வராவிட்டால் படத்தை மூடிவிட்டுக் கிளம்பச் சொல்லி ஸ்டூடியோவிலிருந்து தந்தி வந்திருக்கிறது. உன்னைக் கூப்பிடவில்லை. தகவல்.

ஜூல்ஸ்


ஸ்க்ராண்டன்
12 ஜூன் 1954

ஜூல்ஸ்,

நோரா உன் கடிதத்தை அடுப்படியில் உரக்கப் படித்தாள். அத்தான் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், உனக்குத் தெரியும். ஓர்வில் கையை நீட்டிய இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "அந்த ஓர்வில் நம்ம ஆளு" என்றார்.

நாடகம் பற்றி நான் எழுதியது பொய். அறையிலிருந்து வெளியே வந்தேன். குடும்பத்தாரைப் பார்த்தேன். இவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையில் ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான், அரங்கமே சிரிப்பில் வெடித்துவிட்டது. நான் "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றதும் கைதட்டல் வேறு. "வேகமா சொல்லிட்டுப் போயிருங்க" என்றார் திருமதி பியூ. மறுநாள் வேகமாகச் சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அடுத்த நாள் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர்வலம்போல வந்தார்கள், ஜூல்ஸ். திருமதி பியூவின் தகப்பனாரை நான் கேலிப்பொருள் ஆக்கிவிட்டேனே என்று விலகிக்கொள்ளப் போனேன். திருமதி பியூ மூக்கைச் சிந்திக்கொண்டே, "வேண்டாம், இருங்க. நேத்து நானே சிரிச்சுட்டேன். எங்கப்பாவும் இப்படித்தான், சாவு வீட்டுல போய் ஏடாகூடமா ஏதாவது பண்ணிட்டு வருவார்" என்றார். அதற்கப்புறம் அவர் மேடையின் பக்கவாட்டில் நின்று என்னைப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

விளக்கம் கேட்டாய். தெரிந்து செய்யவில்லை. அந்த இடத்தில் நான் நடித்ததே இல்லை. நீ "ரயில் ரொம்ப வேகம்" என்பாய். நான் உன்னைப் பார்ப்பேன். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நிஜமாகவே யோசிப்பேன். ஒவ்வொரு ராத்திரியும், ஒவ்வொரு ஊரிலும். விடை கிடைக்காது. "அடுத்தவர்" என்று சொல்லிவிடுவேன். நீ சொன்னாய் என்பதால்தான் யோசித்தேன். நீ விழாவிட்டால் எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது? ஆகவே யார் அள்ளிக்கொண்டு போனது என்ற கணக்கு எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. விட்டுவிடு.

கம்பம் என்றது வலித்தது. இன்னமும் வலிக்கிறது. அதை நேரில் வந்து திட்டலாம் என்றிருக்கிறேன்.

நாடகத்துக்குக் கொடுத்த வாக்கு சனிக்கிழமையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில். நோரா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடுகிறாள், என்னை அனுப்புவதில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் தேவையில்லை. கெஸ்லரிடம் சொல்: கழுதை என்னை உதைக்கும் காட்சியைத் திரும்பச் சேர்க்கலாம். வாளியும் கவிழ்க்கலாம். ஆனால் நான் பார்க்கும்போது கேமராவைத் திருப்பக் கூடாது.

டெஸ்


பிளாக் வாஷ்
9 செப்டம்பர் 1954

டெஸ்,

நீ போனதிலிருந்து டச்சஸ் சரியாகத் தீனி தின்பதில்லை. உன்னை அத்தனை தடவை உதைத்துவிட்டு இப்போது ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஊர்க்காரர்கள் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். சேற்றுக் காட்சியில் அத்தனை பேரும் சிரித்து, ஒலிப்பதிவு கெட்டு, கெஸ்லர் எல்லோரையும் மலைக்கு அந்தப் பக்கம் விரட்டியதை ஓர்வில் தினமும் நடித்துக் காட்டுகிறார். லான்ஸ் ஊன்றுகோலோடு நடக்கிறான். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் டிக்கெட் கவுண்டர் செய்து காட்டுகிறானாம். இன்னும் சிரித்துக்கொண்டேதான்.

படம் முடிந்த பிறகும் நான் ஏன் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஆர்டித்தின் கடைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. அடித்தேன். ஏணியிலிருந்து விழுந்தேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே விழுந்தேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள். மே மாசத்திலிருந்து அவளைச் சிரிக்க வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். தரையில் கிடந்தபடியே கேட்டுவிட்டேன். "முதல்ல எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். "சரி" என்றாள். அக்டோபரில் கல்யாணம். நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும். பாதிரியார் பேசும்போது தயவுசெய்து என்னைப் பார்க்காதே.

அடுத்த வெள்ளிக்கிழமை கலிஃபோர்னியாவில் படத்தைச் சனங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று கெஸ்லர் எழுதியிருக்கிறார். என்னால் வர முடியாது. வேலை இருக்கிறது என்று சொல்லலாம். பயமாக இருக்கிறது, அதுதான் நிஜம். நீ போ. பார்த்துவிட்டு எழுது. மோசமாக இருந்தாலும் எழுது.

ஜூல்ஸ்


கிளெண்டேல், கலிஃபோர்னியா
18 செப்டம்பர் 1954

ஜூல்ஸ்,

போனேன். ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே சின்னத் தியேட்டர். வாசலில் போஸ்டர் ஒட்டியிருந்தது. உன் முகம், கழுதையின் முகம். நான் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். போட்டோவில் கழுதை நன்றாக விழுந்திருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பயப்பட்டது சரிதான். செருப்புக்கடை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ரயில் காட்சியில் ஒருவர் எழுந்து சோளப்பொரி வாங்கப் போனார். திரும்பி வரவே இல்லை. கெஸ்லர் முன்வரிசையில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓர்வில் முளை அடித்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், போச்சு என்று தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

சேற்றுக் காட்சி வந்தது. நீ விழுந்தாய். நான் செருப்பைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். சத்தமில்லை. நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவு நேரம் பார்த்தேனா என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. அப்போது இடதுபுறம் ஜலதோஷக்காரர் ஒருவர் இருமினார். இருமலில்லை, சிரிப்பு. அதை அடக்கப் பார்த்து முடியாமல், மொத்தமாக வெடித்தார். அது பின்வரிசைக்கு வந்து, முன்வரிசைக்குப் போய், பால்கனிக்கு ஏறியது. அதற்கப்புறம் அடங்கவே இல்லை. கழுதை வந்தபோது யாரோ நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். கெஸ்லர் திரும்பித் திரும்பிச் சனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், படத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சீருடையோடு ஒரு நர்ஸம்மா. வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், காலணியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு தாங்காமல் என் தோளில் பட்டென்று அடித்தாள். "ஐயோ, அந்த நெட்டையன் யாருங்க? பேசாம நிக்கிறான் பாருங்க, எங்க வீட்டுக்காரரேதான்! அந்தக் குட்டையன் விழுற அழகைப் பாருங்க, ஐயோ!" என்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இருட்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

"ஏங்க, உங்களுக்குப் புடிக்கலையா?"

"ரொம்பப் புடிச்சிருக்கும்மா. கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்னத்தைக் கேக்குறீங்க?"

இந்தச் சிரிப்பைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், ஜூல்ஸ். அவள் காத்திருக்கவில்லை. மறுபடியும் என் தோளில் அடித்துவிட்டுத் திரையைக் காட்டினாள். நீ விழுந்துகொண்டிருந்தாய்.

டெஸ்